கால்வாயில் அலசிய மூட்டைகள்

போன மாதம், என் பழைய அலுவலகத்தில் இப்போது வேலை பார்க்கும் ஒரு பெண் கைப்பேசியில் ஒரு படம் அனுப்பினாள். பள்ளிப் பிள்ளைகளுக்காக ஏதோ கண்காட்சி வைக்கிறார்களாம், அதற்கான சுவரொட்டி. நடுவில் பழுப்பு நிறத்தில் இலை வடிவப் பல் ஒன்று. அதன் கீழே கொட்டை எழுத்தில் 'இலை தின்ற டைனோசரின் பல்'. "மேடம், இது உங்க காலத்துல எடுத்ததுதானே? இதப் பத்தி நம்ம கண்காட்சி மலருக்கு ஒரு கட்டுரை எழுதித் தாங்களேன்" என்று கேட்டிருந்தாள்.

அது மீன் பல்.

அதை நான் அப்போதே சொன்னேன். எழுத்தில் கொடுத்தேன். மேலதிகாரி ஒப்புக்கொண்டு கையெழுத்தும் போட்டார். அறிக்கை வாபஸ் ஆனது. ஆனால் புகைப்படத்தை மட்டும் எவரும் கிழிக்கவில்லை. அது ஏதோ ஒரு கோப்பில் நாற்பத்தைந்து வருஷம் பத்திரமாக உட்கார்ந்திருந்து, இப்போது சுவருக்கு வந்துவிட்டது. உடனே அந்தப் பெண்ணைக் கூப்பிட்டுச் சொன்னேன். "ஐயோ மேடம், பிரிண்ட் ஆயிடுச்சே" என்றாள். நல்லது. கட்டுரை கேட்டாள் அல்லவா, இதோ எழுதுகிறேன். இதையும் அச்சடிக்கட்டும்.

நான் வேலையில் சேர்ந்தது எழுபதுகளின் தொடக்கத்தில். ஊர் செங்கல்பட்டுக்குப் பக்கம். அப்பா அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை செய்தவர். மிஷன் பள்ளியில் பதினோராம் வகுப்பு முடித்து, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டு இரண்டு வருஷம் காத்திருந்தேன். கடைசியில் வந்த கடிதத்தில் 'மண் பொறுக்குபவர், தற்காலிகம்' என்று இருந்தது. அப்பாவுக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. "மண்ணு வேல வேணாம்னுதானே உன்னிய படிக்க வெச்சேன்?" என்று கத்தினார். இது நாற்காலியில் உட்கார்ந்து பொறுக்கும் மண் என்று அவருக்குப் புரிய வைக்க ஆறு மாதம் ஆயிற்று.

அலுவலகம் என்று பெயர்தான். ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஒரு வாடகை வீடு. ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்துக் கற்களில் பதிந்திருக்கும் பழங்கால இலைகளைப் பார்ப்பதற்காக நிலவியல் துறை ஏற்படுத்திய கிளை அது. பிறகு அரியலூர்ப் பக்கத்துச் சுண்ணாம்பு மண்ணில் டைனோசர் எலும்புகள் கிடைக்கின்றன என்று ஆனதும், அங்கே தோண்டிய மண்ணையும் லாரியில் ஏற்றி எங்களிடம் அனுப்பத் தொடங்கினார்கள். எலும்பு பெரியது, தோண்டும்போதே கண்ணில் படும். பல் அப்படியல்ல. பல்லுக்கு மண்ணைக் கரைத்து, சலித்து, லென்ஸில் பார்க்க வேண்டும். அந்தக் காரியத்துக்கு நான், ஒரு ஜீப் டிரைவர், எங்கள் இருவருக்கும் மேலே சதாசிவம் சார்.

சதாசிவம் சார் ஒரு நாளும் குரலை உயர்த்தியதில்லை. அதுதான் கொடுமை. கடைநிலை ஊழியரைக்கூட 'நீங்க' என்றுதான் சொல்வார். கோபம் வந்தால் மரியாதை இன்னும் கூடும். 'தயவுசெய்து' என்ற சொல் அவர் வாயிலிருந்து வந்தால், அன்றைக்கு யாருக்கோ நேரம் சரியில்லை என்று அர்த்தம். வெள்ளை முழுக்கைச் சட்டை, ஒரு பிளாஸ்கில் வெந்நீர், லென்ஸ் துடைக்க மடித்து வைத்த பழைய வேட்டித் துண்டு. எதை எடுத்துக்கொண்டு போய்க் காட்டினாலும் முதலில் பார்க்க மாட்டார். மூன்று கேள்வி கேட்பார். எந்த இடத்து மண்? எந்த மூட்டை? யார் கையில் கிடைத்தது? மூன்றுக்கும் பதில் லேபிளில் எழுதி ஒட்டியிருந்தால்தான் கண்ணாடியை மாட்டுவார். லேபிள் இல்லாமல் ஒருமுறை ஒரு முதலைப் பல்லைக் கொண்டுபோனேன். "அழகா இருக்கு ஸ்டெல்லா. தயவுசெய்து தூக்கிப் போட்டுடுங்க" என்றார். போட வைத்தார். நான் கொல்லையில் நின்று அழுதேன்.

வேலை கற்றுக்கொண்டது இரண்டே மாதத்தில். ஆனால் அதைச் செய்வதற்குத்தான் ஆயுள் வேண்டும். மண்ணை மொட்டை வெயிலில் இரண்டு நாள் காயவைக்க வேண்டும், உள்வரை காய்ந்தது என்று சார் சொல்லும் வரைக்கும். காய்ந்த கட்டியைக் கிருஷ்ணாயிலில் ஊறப் போட வேண்டும். எண்ணெய் உள்ளே இறங்கியதும் வடித்துவிட்டுத் தண்ணீர் ஊற்றினால், கல் போலிருந்த கட்டி கஞ்சியாகக் கரையும். அந்தக் கஞ்சியை ஒன்றன் கீழ் ஒன்றாக மூன்று சல்லடையில் ஊற்றி அலச வேண்டும். அலசும் தண்ணீரையும் முதலில் துணியில் வடிகட்டி, சொம்பில் எடுத்து, மேலிருந்துதான் ஊற்ற வேண்டும். சல்லடையைத் தண்ணீருக்குள் முக்கவே கூடாது. ஏன் என்று நான் கேட்டதில்லை, அவர் சொன்னதுமில்லை. தங்கியதைக் காயவைத்து, வெள்ளைக் கோடு போட்ட கறுப்புத் தகரத் தட்டில் தூவி, நனைத்த தூரிகை நுனியால் ஒவ்வொரு மணலாக ஒதுக்கிக்கொண்டே போக வேண்டும். "மண்ணப் பாக்காதீங்க, கோட்டப் பாருங்க. ஒரு கோடு முடிஞ்சாதான் அடுத்த கோடு" என்பார். ஒரு மூட்டைக்கு மூன்று நான்கு நாள் ஆகும். பெரும்பாலும் மீன் செதில், ஆமை ஓட்டுத் துணுக்கு. பல மூட்டையில் ஒன்றுமே இருக்காது. அப்போதும் 'ஒன்றும் இல்லை' என்று எழுதித் தேதி போட வேண்டும்.

எழுபதுகளின் நடுவில் ஒரு கோடை. ஒரே பள்ளத்திலிருந்து எடுத்த நாற்பது மூட்டை வந்து இறங்கியது. ஆனால் எங்கள் கிணற்றில் தண்ணீர் இல்லை. பக்கத்து வீட்டுக் கிணற்றில் எடுத்தால் கிருஷ்ணாயில் வாடை அடிக்கிறது என்று அந்த அம்மாள் வாளியைப் பிடுங்கிக்கொண்டாள். கொளவாய் ஏரிக்குப் போனோம். துணி துவைத்துக்கொண்டிருந்தவர்கள், எண்ணெய் மண்ணைத் தண்ணீரில் கொட்டாதே என்று விரட்டினார்கள். அவர்கள் சொன்னதில் தப்பே இல்லை. தலைமை அலுவலகமோ வாரம் ஒரு கடிதம் போட்டு, முடிவு என்ன ஆயிற்று என்று கேட்டுக்கொண்டே இருந்தது. தண்ணீர் அனுப்புங்கள் என்று பதில் போட முடியுமா?

அப்போது வழி சொன்னவர் டிரைவர் காசிம் பாய். கோவளத்துக்காரர். "இன்னா சார், தண்ணிக்கு இம்மாம் பேஜாரு? சதுரங்கப்பட்டினத்தாண்ட கால்வாயில தண்ணி வத்தாம கீது. எங்க மாமு வூடு அங்கதான். சொன்னா மீன்காரப் பொம்பளைங்க வந்து அலசிக் குடுப்பாங்க. நாஸ்தா துன்னுட்டு கெளம்புனா மத்தியானத்துக்குள்ள வந்துடலாம்" என்றார்.

அது கடலோரக் கால்வாய், உப்புத் தண்ணீர் பல்லைக் கெடுக்கும் என்று சார் தயங்கினார். உள்ளே ஏறிய உப்பு காய்ந்தால் பல் வெடித்துவிடும். கால்வாயில் அலசியதை நல்ல தண்ணீரில் மூன்று தடவை கழுவுவது என்று முடிவாயிற்று. மூட்டைகளை ஜீப்பில் நாலைந்தாக ஏற்றிக்கொண்டு, திருக்கழுக்குன்றம் வழியாகத் தினமும் போனோம். ஒல்லாந்தர் கோட்டைக்கு மேற்கே, கால்வாய் கொஞ்சம் அகன்று முழங்கால் ஆழத்தில் தேங்கும் ஓர் இடம். அங்கே கன்னியம்மா என்பவள் இன்னும் இரண்டு பெண்களைக் கூட்டிக்கொண்டு வந்தாள். நாற்பது வயதிருக்கும். கூடை தூக்கித் தூக்கி இறுகிய கை. சல்லடையை அவள் ஆட்டும் ஆட்டில் நான் ஓரமாய் நின்றுகொண்டேன்.

முதல் நாள் ஒழுங்காகத்தான் செய்தோம். துணியில் வடிகட்டி, சொம்பில் எடுத்து, மேலிருந்து ஊற்றி. மத்தியானம் வரை அரை மூட்டைதான் ஆயிற்று. "இன்னாமா இது, கொயந்தைக்கு தலைக்கு ஊத்துற மாரி ஊத்திகினு கீறீங்க?" என்று கன்னியம்மா சிரித்தாள். எனக்குக் கழுத்து வலி, கால் முழுக்கச் சேறு. "சார், சல்லடைய அப்படியே தண்ணியில முக்கி ஆட்டினா சீக்கிரம் முடிஞ்சிடுமே" என்றேன்.

சொன்னது நான்தான். இத்தனை வருஷம் யாரையெல்லாமோ திட்டியிருக்கிறேன், இதை முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

சார் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கரையில் அடுக்கிய மூட்டைகளைப் பார்த்தார். "மேல் தண்ணியா பாத்து முக்குங்க. அடிச் சேற்றக் கலக்காதீங்க" என்றார். நாலு பேர் முழங்கால் தண்ணீரில் நடந்துகொண்டே அடிச் சேற்றைக் கலக்காமல் இருப்பது எப்படி என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அன்று சாயங்காலத்துக்குள் மூன்று மூட்டை முடிந்தது. எல்லோருக்கும் சந்தோஷம்.

பத்து நாளில் அலசல் முடிந்தது. அப்புறம் மாதக்கணக்கில் நான் தட்டின் முன்னால் உட்கார்ந்தேன். முப்பத்தோராம் மூட்டை, மூன்றாவது தட்டு, ஐந்தாவது கோடு. தூரிகை எதிலோ முட்டி நின்றது. சிறு விரல் நுனி அளவுக்கு ஒரு துண்டு. எழுதித் தேய்ந்த சிலேட்டுக் குச்சி போல உருண்டை, கரும்பழுப்பு. ஒரு முனை உடைந்திருந்தது. இன்னொரு முனை சாய்வாகத் தேய்ந்து, அந்தத் தேய்மானத்தில் மட்டும் ஒரு வழவழப்பு. தேய்ந்தது என்றால் எதையோ தின்றிருக்கிறது. பசித்து, ஒரு கிளையை வாயால் பிடித்து, இழுத்து உருவித் தின்றிருக்கிறது. பல் கிடைத்தால் உடனே தூரிகையைக் கீழே வைக்க வேண்டும் என்பது விதி, வைத்தேன்.

லேபிள் எழுதிவிட்டுத்தான் கொண்டுபோனேன். சார் மூன்று கேள்வியும் கேட்டார். நெடுநேரம் பார்த்தார். ஒரு தடிப் புத்தகத்தைப் புரட்டினார், மறுபடி பார்த்தார். "பல்தான். நீளக் கழுத்துப் பிராணி. எலும்பு கெடைச்சிருக்கு, பல் நம்ம கைக்கு இதுதான் முதல்ல வருது. அறிக்கையில கண்டெடுத்தவர்னு உங்க பேரு வரும், ஸ்டெல்லா" என்றார். என் பெயர் அதுவரை பள்ளிச் சான்றிதழ் தவிர எங்கும் அச்சில் வந்ததில்லை. மண் வேலை என்று முகம் சுளித்த அப்பாவுக்கு அந்தப் பக்கத்தைக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும் என்று அன்றே முடிவு செய்துவிட்டேன். அவருக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது, என் பெயரை விரல் வைத்துக் காட்டினால் போதும்.

அடுத்த வாரம் எனக்குக் காய்ச்சல், இரண்டு நாள் போகவில்லை. திரும்பிப் போனபோது என் நாற்காலியில் சார் உட்கார்ந்திருந்தார். "ஸ்டெல்லா, இங்க வாங்க, வாங்க" என்று கூப்பிட்ட குரல் அவருடையது போலவே இல்லை. முப்பத்து நான்காம் மூட்டையில் அவரே கண்டெடுத்திருக்கிறார். லென்ஸில் பார்த்தேன். எள்ளைவிடக் கொஞ்சம் பெரியது. தட்டையாக, இலை வடிவில், ஓரமெல்லாம் வேப்பிலைக்கு இருப்பது போல அரிவாள் பல். நல்ல பழுப்பு. அழகு என்றால் அப்படி ஒரு அழகு, அதை மறைக்க மாட்டேன். முதுகில் கவசம் போர்த்திய வேறொரு வகை இலைதின்னியின் குட்டிப் பல் என்றார். அந்த வகை இந்தப் பக்கம் இருந்ததற்கு வேறு எந்தத் தடயமும் கிடையாது என்றார். போட்டோ எடுத்தார். ஒரே மூச்சில் அறிக்கை எழுதித் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பினார். இரண்டு மாதத்தில் ஒரு பெரிய கூட்டத்தில் அவர் அதைப் படிக்க ஏற்பாடாயிற்று.

"என் பல்லு சார்?" என்றேன்.

"ஒண்ணொண்ணா போவோம்" என்று என் பல்லை இழுப்பறையில் வைத்தார்.

ஆனாலும் நல்ல மனிதர். அலசிக் கொடுத்த பெண்களும் பார்க்க வேண்டும் என்று, பல்லையும் லென்ஸையும் பெட்டியில் வைத்துச் சதுரங்கப்பட்டினத்துக்கு எடுத்துக்கொண்டு போனார். எந்த அதிகாரி செய்வார்? கால்வாய்க்கரையில் ஒரு மரத்தடியில் பெட்டியைத் திறந்து, கன்னியம்மாவைக் குனிந்து பார்க்கச் சொன்னார். அவள் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாள்.

"இது மீனு பல்லு சாரு" என்றாள்.

சார் சிரித்தார். "இல்லம்மா. இது கோடிக்கணக்கான வருஷத்துக்கு முந்தின பிராணி. பாருங்க, நெறம் எப்படி இருக்கு."

"அத்தெல்லாம் நமக்குத் தெரியாது சாரு. பாறையாண்ட பாசி மேஞ்சிகினு ஒரு மீனு கீது. வாலாண்ட கத்தி மாரி முள்ளு, கைய கிழிச்சிடும். அத்தோட வாய தொறந்தா சீப்பு மாரி இந்தப் பல்லுதான் வரிசையா கீது. எத்தினி தலைய அறுத்துக் கால்வாயில கடாசி இருக்கேன், எனக்குத் தெரியாதா?"

"மீன் பல்லு வெள்ளையா இருக்கும்" என்றார் சார்.

"அப்போ ஒண்ணு பண்ணு. அடுப்புல காட்டு. மீனா இருந்தா கருகல் வாடை வரும்."

அவள் சொன்னது எங்கள் துறையிலும் உள்ள சோதனைதான். புதிய எலும்பைச் சுட்டால் முடி கருகும் வாடை வரும், கல்லாகிப்போன எலும்பில் வராது. ஆனால் இருப்பது ஒரே ஒரு பல், அதைச் சுட்டால் மிச்சம் ஒன்றும் இருக்காது. சார் பெட்டியை மூடினார். "ரொம்ப நன்றிம்மா" என்று கும்பிட்டார். திரும்பும் வழியெல்லாம் பெட்டியை மடியிலேயே வைத்திருந்தார். "அது வாய்க்கு வந்தத சொல்லிச்சு சார், உடுங்க" என்றார் காசிம் பாய்.

எனக்குத்தான் விட முடியவில்லை. இங்கேயும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். நான் அறிவியலுக்காகப் போகவில்லை. அவர் பல் மீன் பல்லாகிவிட்டால் என் பல் முதலில் அச்சில் வரும் என்ற எண்ணம் எனக்கு இருந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குக்கூடப் போகாமல், சல்லடையைப் பையில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறினேன்.

கன்னியம்மாவிடம் சொன்னேன், "அக்கா, நாங்க மூட்டை அலசின எடம் வேணாம். மேல தள்ளிப் போயி, எங்க மண்ணு சேரவே சேராத எடமா பாத்து, அடிச் சேறு வேணும்."

"ஞாயித்துக்கெயமையும் அதுவுமா சேறு எதுக்கு? எம் பேச்ச அந்த சாரு கேக்கலன்னு உனக்கு இன்னா?" என்றாள். ஆனாலும் இறங்கினாள். அரை மைல் தள்ளி, அவர்கள் மீன் அறுக்கும் கரையை ஒட்டி, ஐந்து கூடை சேறு அள்ளினோம். அதைக் கழுவிய மிச்சத்தை ஒரு டப்பாவில் அடைத்தேன். அவள் வீட்டிலிருந்து அந்த மீனின் தலை ஒன்றையும் வேகவைத்து, தாடையைப் பிரித்துக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தாள்.

சாப்பாட்டு இடைவேளைகளில் பொறுக்கினேன். ஒரு வாரத்தில் நான்கு கிடைத்தன. மூன்று வெள்ளை. ஒன்று, சேற்றில் எத்தனை காலம் கிடந்ததோ, நல்ல பழுப்பு. ஓரத்து அரிவாள் பல்லைக்கூட எண்ணிப் பார்த்தேன். சார் கண்டெடுத்த பல்லையும் இதையும் மாற்றி வைத்தால் அவருக்கே தெரியாது.

அவர் மேஜையில் வரிசையாக வைத்தேன். தாடை, மூன்று வெள்ளை, ஒரு பழுப்பு. எங்கே எடுத்தது என்று சொன்னேன். சார் கண்ணாடியைக் கழற்றினார். வேட்டித் துண்டால் லென்ஸைத் துடைத்தார், அது சுத்தமாகத்தான் இருந்தது, மறுபடி துடைத்தார். பழுப்புப் பல்லைப் பார்த்தார். தன்னுடையதை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். வெளியே ஒரு ரயில் வந்து, நின்று, கிளம்பியது. அதுவரை நிமிரவில்லை.

"லேபிள் எங்க?" என்றார்.

நான் எழுதவில்லை. சொந்த வேலைக்கு எதற்கு லேபிள் என்று விட்டுவிட்டேன்.

"தயவுசெய்து எழுதுங்க ஸ்டெல்லா. எடம், ஆழம், தேதி, கூட இருந்தவங்க பேரு. கன்னியம்மா பேரையும் போடுங்க, முதல்ல கண்டுபிடிச்சது அவங்கதான்."

எழுதினேன். அவர் அதைச் சரிபார்த்தார். பிறகு தன் தாளை எடுத்து, அறிக்கையைத் திரும்பப் பெறுவதாக எழுதினார். 'நான் அடையாளம் கண்ட பல் இக்கால மீனுடையது. தவறு என்னுடையது.' இரண்டே வரி, எந்தச் சாக்கும் இல்லை. முக்கி அலசலாம் என்று சொன்னது நான்தான் என்று அதில் இல்லை. முகம் செத்துப்போயிருந்தது. எனக்குப் பாவமாகவும் இருந்தது, உள்ளுக்குள் கொஞ்சம் துள்ளலாகவும் இருந்தது. இப்போது என் பல் வெளியே வரும்.

அவர் இழுப்பறையைத் திறந்தார். என் பல்லை எடுத்தார். கூடவே, கால்வாயில் அலசிய மூட்டைகளிலிருந்து கிடைத்த எல்லாப் பொட்டலங்களையும் மேஜையில் பரப்பினார். "எல்லா லேபிள்லயும் ஒரு வரி சேத்து எழுதணும். 'கால்வாயில் அலசியது. கிடைத்த இடம் உறுதியில்லை'" என்றார்.

எனக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் ரத்தம் தலைக்கேறிவிட்டது.

"இதுக்குமா சார்? இது மீன் பல்லா? எந்த மீனுக்கு சார் இப்பிடிப் பல்லு இருக்கு?"

"இல்ல. இது நீளக் கழுத்துப் பிராணியோட பல்லு. எனக்கு அதுல சந்தேகம் இல்ல."

"அப்புறம் என்ன?"

"அந்த மூட்டையிலதான் இருந்ததா, கால்வாயிலேர்ந்து சல்லடைக்குள்ள வந்ததா? வெளியில கெடக்கிறது உள்ள வரும்னு நீங்களே நிரூபிச்சு மேஜையில வெச்சிருக்கீங்க."

"கால்வாயில டைனோசர் பல்ல யாரு சார் கொண்டாந்து போடுவாங்க? ஒல்லாந்தன் போட்டானா?"

"எனக்குத் தெரியாது. தெரியாதுங்கறதத்தான் எழுதச் சொல்றேன்."

நான் கத்தினேன். அந்த வீட்டில் அப்படி யாரும் கத்தியிருக்க மாட்டார்கள். முக்கி அலசச் சம்மதித்தது நீங்கள், உங்கள் பல்லுக்காக ராத்திரி பகல் பார்க்காமல் அறிக்கை எழுதினீர்களே, அதே வேகத்தில் என் பல்லை முதலில் அனுப்பியிருந்தால் இந்நேரம் அச்சாகியிருக்கும் என்று என்னென்னவோ கத்தினேன். காசிம் பாய் வாசலிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். சார் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். "அச்சாகியிருந்தா அதையும் இன்னைக்கு வாபஸ் வாங்கியிருப்பேன். உங்க பேரோட வாபஸ் வாங்கியிருப்பேன். அது இதவிடக் கஷ்டம்" என்றார். அப்புறம் பேனாவின் மூடியைக் கழற்றி என் பக்கம் நீட்டினார்.

பதினான்கு லேபிளிலும் என் கையாலேயே எழுதினேன். முப்பத்தோராம் மூட்டையின் லேபிளைக் கடைசியில் எழுதினேன். அப்பாவிடம் நான் எதையும் காட்டவில்லை.

மழை பெய்து கிணறு ஊறியதும், சார் அதே பள்ளத்திலிருந்து இன்னும் முப்பது மூட்டை வரவழைத்தார். அதற்காக எத்தனை கடிதம் எழுதினார் என்பது தட்டச்சு செய்த எனக்குத்தான் தெரியும். இன்னொரு பல், ஒரே ஒரு பல், நல்ல தண்ணீரில் அலசிய மூட்டையில் கிடைத்துவிட்டால் போதும், என் பல்லுக்கும் ஊர் கிடைத்துவிடும். துணியில் வடிகட்டி, சொம்பில் எடுத்து, மேலிருந்து ஊற்றினோம். சார் சட்டைக் கையை மடித்துக்கொண்டு அவரே ஊற்றினார். மற்ற வேலைகளுக்கு நடுவே இரண்டு வருஷம் பொறுக்கினேன். செதில் கிடைத்தது, ஆமை ஓடு கிடைத்தது, முதலைப் பல்கூடக் கிடைத்தது. நான் தேடியது கிடைக்கவில்லை. அதற்குள் அந்தப் பள்ளத்தையும் சுற்று வட்டாரத்தையும் சுண்ணாம்புக்கல்லுக்காக வெட்டி எடுத்துவிட்டார்கள். கடைசி மூட்டைக்கும் 'ஒன்றும் இல்லை' என்று எழுதித் தேதி போட்டேன்.

சாருக்கு வடக்கே மாற்றல் வந்தது. பதவி உயர்வு இல்லாத மாற்றல். போகும் அன்று அலமாரிச் சாவியை என்னிடம் கொடுக்கும் முன் இழுப்பறையைத் திறந்து, என் பல்லை லென்ஸில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"லேபிள மாத்தி எழுதிடலாம்னு தோணுதா?" என்றார்.

"தோணுது சார்."

"எனக்கும் தோணுது" என்றார். பல்லைப் பஞ்சில் வைத்து மூடினார். சாவியை என் கையில் கொடுத்தார்.

அதற்குப் பிறகு ஓய்வு பெறும் வரை அந்தச் சாவி என்னிடம்தான் இருந்தது. கிளை இடம் மாறியது, அலமாரி மாறியது, பல் மட்டும் என் பொறுப்பிலேயே இருந்தது. சாருக்குப் பின் வந்த எந்த அதிகாரியும் அந்த இழுப்பறையைத் திறந்துகூடப் பார்த்ததில்லை. லேபிள் என் கையெழுத்து. அதே மை எனக்குக் கிடைக்கும். ஒரு புது அட்டையில் அந்தக் கடைசி வரியை மட்டும் விட்டுவிட்டு எழுதினால் போதும், யாருக்கும் தெரியாது. அந்தப் பல் அரியலூர் மண்ணிலிருந்துதான் வந்தது என்று இன்றைக்கும் என் தலையில் அடித்துச் சத்தியம் செய்வேன். எத்தனையோ நாள் அட்டையைக் கையில் எடுத்திருக்கிறேன். ஒருமுறை பேனாவைக்கூடத் திறந்தேன்.

எழுதவில்லை. அந்த மனிதர் மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை.